அடுத்து வருபவருக்கு எழுதுதல்: வேலையிடத்துப் பதிவேடுகள் குறித்து

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் பேசிய கிளைச் செய்திகள் சிலவும் கேள்வி நேரமும் இதில் விடப்பட்டுள்ளன.)



ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரின் நினைவாக இந்த அறக்கட்டளை அமைந்திருக்கிறது. புலவர்கள் பெயரிலும் வள்ளல்கள் பெயரிலும் அறக்கட்டளைகள் நிறைய உண்டு. தொழிலாளர்களின் வருகைப் பதிவேட்டை எழுதி வந்த ஒருவர் பெயரில் ஒன்று அமைந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. தலைப்பை நானே தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அவர் செய்த வேலையைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன்.

நான் தொழிற்பாதுகாப்புப் பாடம் நடத்துபவன். விபத்து விசாரணை அறிக்கைகளைப் படிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அவற்றோடு தொழிலாளர் வழக்குகளின் தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்து வந்ததில் ஒரு கருத்து என்னிடம் உறுதிப்பட்டிருக்கிறது. வேலையிடத்தில் எழுதப்படும் எந்தக் குறிப்பும் எழுதும் நேரத்தில் அங்கே இல்லாத ஓர் ஆளுக்காக எழுதப்படுகிறது. அடுத்த ஷிப்டுக்கு வரும் ஆபரேட்டர், இரவுப் பணிக்கு வரும் நர்ஸ், பல ஆண்டுகள் கழித்து பி.எஃப். பணத்துக்காக வந்து நிற்கும் தொழிலாளி, இவர்களெல்லாம் அந்த ஆட்கள்தாம். ஆகவே ஒரு பதிவேட்டை மதிப்பிட இரண்டு கேள்விகள் போதும் என்பது என் வாதம். இது யாருக்காக எழுதப்பட்டது? வேண்டிய நேரத்தில் அவர் கைக்கு எட்டுமா? 'எல்லாவற்றையும் எழுதி வை' என்று அலுவலகங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். எழுதி வைத்தும் எட்டாமல் போனதால் உயிர்கள் போயிருக்கின்றன, கூலி போயிருக்கிறது. அதனால் இரண்டாவது கேள்விக்கே இன்று அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1. எழுதிய தாள் வேறு அறையில் இருந்தது

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு வடகிழக்கே, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்றோர் எண்ணெய் மேடை இருந்தது. ஆக்ஸிடென்டல் நிறுவனம் நடத்தி வந்தது. 1988 ஜூலை 6 அன்று அந்த மேடையில் 226 பேர் இருந்தார்கள்.

கன்டென்சேட் என்ற எரிதிரவத்தைக் குழாய்க்குள் அழுத்திச் செலுத்த அங்கே இரண்டு பம்புகள், ஏ என்றும் பி என்றும். ஒன்று ஓடும், மற்றொன்று மாற்றுக்கு இருக்கும். அன்று பகலில் ஏ பம்பை நிறுத்தியிருந்தார்கள். அதற்கு இரண்டு தனித்தனி வேலைகள் காத்திருந்தன. ஒன்று பம்பின் முழுப் பராமரிப்பு. அது இன்னும் தொடங்கப்படவில்லை. மற்றொன்று அந்தப் பம்போடு இணைந்த பாதுகாப்பு வால்வைக் கழற்றிச் சோதிப்பது, அது தொடங்கிவிட்டது. வால்வைக் கழற்றிய இடத்தில் ஒரு மூடித் தகட்டைப் பொருத்தி வைத்தார்கள். அது வாயு கசியாத அளவுக்கு இறுக்கப்பட்டதல்ல. அந்த இடம் பம்பின் பக்கத்தில் நிற்பவர் கண்ணில் படுகிற இடமும் அல்ல.

இரண்டு வேலைகளுக்கும் இரண்டு பெர்மிட்டுகள் எழுதப்பட்டிருந்தன. இன்ன வேலை, இன்னார் செய்கிறார், எந்த இயந்திரத்தைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் தாளைத்தான் பெர்மிட் என்கிறோம். இங்கே உள்ள ரசாயன ஆலை நண்பர்களுக்கு அது நாள்தோறும் புழங்கும் தாள். மாலை ஷிப்ட் மாறும் நேரமாயிற்று. வால்வு வேலை முடியவில்லை. பெர்மிட்டை 'நிறுத்திவைப்பு' என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நிறுத்திவைத்த பெர்மிட்டுகளை அங்கே கட்டுப்பாட்டு அறையில் வைப்பதில்லை. பாதுகாப்பு அலுவலக அறையில் வைப்பது வழக்கம். ஷிப்ட் மாறும்போது பேசிக்கொண்டதிலும் வால்வைப் பற்றிய பேச்சு வரவில்லை.

இரவு 9.45 மணி அளவில் பி பம்ப் நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் ஓடவில்லை. பம்ப் ஓடாவிட்டால் மேடையின் மின்சாரமே நின்றுவிடும் என்ற நெருக்கடி. ஏ பம்பின் பராமரிப்பு இன்னும் தொடங்கவில்லை என்பது இரவு ஷிப்டுக்குத் தெரியும். வால்வு கழற்றப்பட்டது தெரியாது. ஏ பம்பை ஓட்டினார்கள். மூடித் தகட்டின் வழியே கசிந்த வாயு இரவு 10 மணிக்கு வெடித்தது. மேடையில் இருந்தவர்களில் 165 பேரும், காப்பாற்றப் போன படகில் இருந்தவர்களில் 2 பேருமாக 167 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 61 பேர்.

இந்த விபத்தை விசாரித்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990 நவம்பரில் வெளிவந்தது. 106 பரிந்துரைகள். தீயணைப்பு ஏற்பாடு, பக்கத்து மேடைகளிலிருந்து வந்துகொண்டே இருந்த எண்ணெயும் வாயுவும், தப்பிக்கும் வழிகள் என அந்த அறிக்கை பலவற்றை ஆராய்கிறது. என் வகுப்பில் நான் மாணவர்களை நிறுத்திப் படிக்கச் சொல்வது பெர்மிட் பற்றிய பகுதியைத்தான். அந்த வேலையைப் பற்றி ஒருவரும் எழுதாமல் விட்டிருந்தால் அது வேறு கதை. எழுதினார்கள், கையெழுத்திட்டார்கள், உரிய இடம் என்று வகுத்த இடத்தில் வைத்தார்கள். எழுதியவர் மனத்தில் வாசிப்பவர்களாக இருந்தவர்கள் பாதுகாப்பு அலுவலரும், மறுநாள் வந்து வேலையைத் தொடரப் போகும் ஃபிட்டரும். இரவு 9.45-க்குப் பம்பை ஓட்டலாமா என்று முடிவு செய்ய வேண்டியவருக்காக அந்தத் தாள் எழுதப்படவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1987 செப்டம்பரில், அதே மேடையில் ஒரு தொழிலாளி விபத்தில் இறந்திருந்தார். பெர்மிட் முறையிலும் ஷிப்ட் ஒப்படைப்பிலும் குறை இருப்பது அப்போதே வெளிப்பட்டது. எச்சரிக்கை கிடைத்தும் பழைய வழக்கம் தொடர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை.

2. கட்டம் இல்லாத பதிவேடு

போபால் விஷவாயுப் பேரழிவை இங்கே யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1984 டிசம்பர் 2 இரவு, 610 என்ற எண்ணுள்ள தொட்டியில் மீத்தைல் ஐசோசயனேட்டோடு தண்ணீர் கலந்து வினை தொடங்கியிருந்தது. இரவு 10.20-க்குத் தொட்டியின் அழுத்தம் 2 பி.எஸ்.ஐ. 10.45-க்கு ஷிப்ட் மாறியது. புதிதாக வந்த ஆபரேட்டர் 11 மணி அளவில் பார்த்தபோது 10. இரண்டிலிருந்து இருபத்தைந்து வரை இயல்பான அளவு என்பதால் அவருக்கு ஐயம் எழவில்லை. 10 என்ற எண்ணில் தவறு இல்லை. சற்று முன்பு அது 2 ஆக இருந்தது என்று தெரிந்திருந்தால்தான் ஆபத்து புரியும். ஐந்து மடங்கு ஏறியிருக்கிறது என்பதை ஒரே ஒரு எண் காட்டாது, இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருந்தால்தான் காட்டும்.

தொட்டியின் வெப்பநிலையை நெடுநாளாகக் கவனிப்பதில்லை, பதிவேட்டில் அதற்குக் கட்டமே இல்லை என்று அங்கே வேலை பார்த்தவர் ஒருவர் பின்னர் செய்தியாளரிடம் சொன்னார். குளிரூட்டும் இயந்திரம் 1984-இன் நடுவிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாய் பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. பேரழிவுக்குப் பதிவேடுதான் காரணம் என்று சொன்னால் அது செலவைக் குறைத்த நிர்வாகத்தைக் காப்பாற்றுவதாகும். நான் அதைச் சொல்லவில்லை. கட்டம் இல்லாத பதிவேடு எந்த ஆலையில் இருக்கும் என்பதைக் கவனியுங்கள். குளிரூட்டியை நிறுத்திய ஆலையில் வெப்பநிலைக்குக் கட்டம் இருந்தால், ஒவ்வொரு ஷிப்டும் அந்த முடிவுக்கு எதிரான சாட்சியத்தை எழுதிக்கொண்டே இருக்கும். ஒரு படிவத்தில் எந்தக் கட்டம் எடுக்கப்பட்டது, எப்போது, யார் சொல்லி என்று தேடுவதை விசாரணை செய்பவர்கள் வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

கட்டம் இருந்தும் எழுத்து போதாமல் போவதும் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸஸ் சிட்டியில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று நடந்த வெடிவிபத்தில் 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். ஒரு கோபுரத்தில் திரவம் அளவுக்கு மீறி நிரம்பியதால் வந்தது. இரவு ஷிப்டில் அதை நிரப்பியவர் லாக் புக்கில் ஒற்றை வரி எழுதியிருந்தார். எதுவரை நிரப்பினேன், எந்த வால்வு எப்படி இருக்கிறது, இனி நிரப்பலாமா கூடாதா என்ற எதுவும் அதில் இல்லை. பகலில் வந்து அந்த வரியைப் படித்த ஆபரேட்டர் 12 மணி நேர ஷிப்டாக 29 நாள் தொடர்ந்து வேலை செய்திருந்தவர். களைத்த கண்ணுக்காக எழுதுகிறோம் என்ற எண்ணம் எழுதுபவருக்கு இருக்க வேண்டும்.

3. நல்ல குறிப்பு எப்படி இருக்கும்

லாக் புக்குகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: பக்கம் பக்கமாக 'ஓ.கே.', 'நார்மல்', 'மேற்படி' என்றே இருக்கும். எழுதுபவரைக் குறை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. கீழே கையெழுத்து இருக்கிறதா என்று மட்டுமே மேலதிகாரி பார்க்கிறார் என்றால், ஆபரேட்டர் கையெழுத்துக்காகத்தான் எழுதுவார்.

வகுப்பில் நான் எழுதிக் காட்டும் மாதிரிக் குறிப்பு ஒன்று உண்டு. 'மூன்றாம் எண் ஃபீட் பம்ப், மோட்டார் பக்கத்து பேரிங் சூடு. மாலை 4.10-க்குக் கவனித்தேன். கிரீஸ் வைத்தோம். 5.30-க்கும் சூடு குறையவில்லை. நிறுத்திவிட்டு நான்காம் எண் பம்பை ஓட்டியிருக்கிறேன். மூன்றை இரவில் ஓட்ட வேண்டாம். ஃபிட்டரிடம் சொல்லியாயிற்று, காலை ஷிப்டில் வருகிறார். சுவிட்சில் டேக் போட்டிருக்கிறது.' என்ன கண்டேன், எப்போது, என்ன செய்தேன், பலன் என்ன, நீங்கள் என்ன செய்யக்கூடாது, அடுத்து யார் வருகிறார். இலக்கணப் பிழை இருந்தால் இருக்கட்டும். எங்கள் பக்கத்துப் பேச்சுத்தமிழில் இருந்தாலும் சரி. அந்த டேக்தான் இதில் முக்கியம். தாளைப் படிக்காமல் நேரே பம்பிடம் போகிறவரையும் அது தடுத்து நிறுத்தும்.

மருத்துவமனைகளில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைக்க ஐ-பாஸ் என்ற ஒழுங்குமுறையை அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் கொண்டுவந்தார்கள். வாயால் சொல்வதற்கும் எழுதிக் கொடுப்பதற்கும் ஒரே வரிசை. கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 10,740 சேர்க்கைகளை ஆராய்ந்து 2014-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 விழுக்காடும் குறைந்தன. ஒப்படைப்புக்கு ஆகும் நேரம் கூடவில்லை. எழுதிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது என்பவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

4. கூலிக்காரர் கையில் என்ன தாள் இருக்கிறது

இனி இயந்திரத்தை விட்டுக் கூலிக்கு வருகிறேன். என் கருத்துக்கு இதுதான் பெரிய சோதனை. ஷிப்டில் அடுத்து வருபவர் எட்டு மணி நேரத்தில் வந்துவிடுவார். கூலித் தொழிலாளிக்குத் தாள் தேவைப்படுவது வேலை போன பிறகு, அடிபட்ட பிறகு, வயதான பிறகு.

1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம் ஒரு கணக்கு வைத்தது. பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான ஓராண்டுப் பணி. அப்படிப்பட்டவரை முன்னறிவிப்பும் இழப்பீடும் இல்லாமல் ஆட்குறைப்பு செய்யக்கூடாது. 240 நாளை யார் நிரூபிப்பது? 2002-இல் ஹடிமானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது. தான் வேலை செய்ததாகத் தானே பிரமாணப் பத்திரம் கொடுத்தால் போதாது. சம்பளம் வாங்கிய ரசீதோ நியமன ஆணையோ வேண்டும்.

தினக்கூலிக்காரரிடம் ரசீது எப்படி இருக்கும்? மேஸ்திரியின் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பெயருக்கு நேரே கோடு கோடாகப் போட்டு வருவார். சனிக்கிழமை கணக்குப் பார்த்துக் காசு கொடுப்பார். அந்தக் கட்டடம் முடிந்ததும் நோட்டும் போய்விடும். சித்தாளாக அங்கே கல் சுமந்த பெண் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சான்று அந்த நோட்டுத்தான்.

2005-இல் யெல்லட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பொறுப்பு தொழிலாளியுடையதுதான் என்றாலும், தினக்கூலிக்காரர்களிடம் நியமனக் கடிதமும் ரசீதும் இருக்காது. மஸ்டர் ரோல், சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு ஆகியவற்றைக் கொண்டுவரும்படி நிர்வாகத்தைக் கேட்பதுதான் பெரும்பாலும் அவர்களால் முடியும் என்றது. அந்த வழக்கில் தொழிலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது: இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இவர் தினக்கூலியாக வேலை செய்தார் என்று அங்கே உதவிச் செயற்பொறியாளராக இருந்தவர் எழுதிக் கொடுத்த சான்று. அதை எழுத அந்தப் பொறியாளருக்குச் சில நிமிடங்கள் ஆகியிருக்கும். இங்கே இருக்கும் இளம் பொறியாளர்கள் அந்தச் சில நிமிடங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மஸ்டர் ரோல் அலமாரியில் இருந்தால் மட்டும் பயனில்லை என்பதை ராஜஸ்தான் கிராமத்து மக்கள் நாட்டுக்கே காட்டினார்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் 1990 மே 1 அன்று ராஜ்சமந்த் பகுதியில் தொடங்கியது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரோடு அந்த வட்டாரத்துக் கூலித் தொழிலாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. அரசு நடத்திய வேலைகளில் சட்டப்படியான கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வரும். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ஆவணம், காட்ட முடியாது என்பார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ஜன் சுன்வாய், அதாவது மக்கள் விசாரணை, நடந்தது. மக்கள் நடுவில் பதிவேடுகளின் விவரங்களை உரக்கப் படித்தார்கள். அந்த வேலைக்கே போகாதவர்களின் பெயர்கள் வந்தன. இறந்தவர்களின் பெயர்கள் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட்டத்தில் எழுந்து, நான் அங்கே வேலை செய்யவே இல்லை என்று சொன்னார்கள். எழுத்தறிவு இல்லாதவர்களே எழுத்தைச் சரிபார்த்தார்கள்; உரக்கப் படிப்பது மட்டும்தான் தேவைப்பட்டது.

பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா. அங்கிருந்து 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் வரைக்குமான பாதை பலருக்குத் தெரியும். அதே ஆண்டில் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், நம் ஊரில் 'நூறு நாள் வேலை' என்கிறோமே அது, வேலை அட்டையைத் தொழிலாளியின் கையில் கொடுத்தது, கிராம சபையின் சமூகத் தணிக்கையைச் சட்டமாக்கியது. அட்டையைத் தங்களிடமே வாங்கி வைத்துக்கொள்பவர்கள் பிறகும் இருந்தார்கள். அதனால்தான் அட்டை யார் வீட்டில் இருக்கிறது என்பதைத் தணிக்கைக்குப் போகிறவர்கள் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

5. துண்டு

எழுத்து எப்போதும் எளியவருக்கு உதவும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாகப் போன நம் மக்களை ஒரு காகிதம் பல்லாண்டு கட்டிப்போட்டது. அதன் பெயர் 'துண்டு'. கங்காணியும் அவர் கூட்டமும் தோட்டத்துக்குப் பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். கடனைக் கட்டி இவர்களை எடுத்துக்கொள்ள இன்னொரு தோட்டம் முன்வந்தால்தான் இடம் மாறலாம். முன்பணம், பயணச் செலவு, அரிசி என்று ஏறிய கணக்கு எப்படி ஏறியது என்று கேட்கத் தொழிலாளியிடம் வேறு கணக்கு இல்லை. 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

மலைநாட்டில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து நிறுத்து, அளவு குறைந்தால் 'அரைப்பேர்' போடுவார்கள். நிறுவை நடக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோக்கள் கழியும். கொழுந்து பறித்த அம்மாள் தராசைப் பார்ப்பதற்குள் எண் எழுதியாகிவிடும். காலையில் எத்தனை, பகலில் எத்தனை, எவ்வளவு கழித்தார்கள் என்று தனியாக ஒரு சீட்டு அவர் மடியில் இருந்தால், மாதக் கடைசியில் அவர் பேசும் பேச்சே வேறாக இருக்கும். தொழிலாளியின் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு பதிவேடு தொழிலாளிக்கானது ஆகிவிடாது. ஒரே நேரத்தில் இரண்டு பிரதி, ஒன்று எழுதியவரிடம், மற்றொன்று எழுதப்பட்டவரிடம். கார்பன் தாள் வந்த காலத்திலிருந்தே இது செய்யக்கூடியதுதான்.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கின்றன. அந்தத் தொகுப்புகளின் மற்ற பகுதிகள் பற்றி எனக்குக் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. அது வேறு மேடைக்கு உரியது. இந்த ஒரு விதியைத் தொழிற்சங்கங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கான்ட்ராக்ட்காரர் பெயரில் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடிதத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும் வழக்கம் நுழையாமல் முதல் ஆண்டிலேயே பார்த்துக்கொள்வது அவசியம்.

6. வாய்மொழி உத்தரவு

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். தபால் வந்ததும் தன்பதிவேட்டில் ஏற்றி, ந.க. எண் போட்டு, குறிப்புக் கோப்பில் எழுதிச் சுற்றுக்கு அனுப்பும் முறை உங்களுக்குக் கை பழகியது. மக்கள் அதைத் தாமதத்தின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். கோப்பு ஒரு மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைக் காட்டுவதும் அதே பதிவேடுதான்.

தொல்லை எங்கே வருகிறது என்றால், 'மேலிடத்துச் சொல், உடனே செய்துவிடுங்கள், பிறகு எழுதிக்கொள்ளலாம்' என்னும்போது. 2013 அக்டோபர் 31 அன்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டுப் பேசியது. ஓய்வுபெற்ற 83 அதிகாரிகள் தொடுத்த வழக்கு. அதிகாரிகள் வாய்மொழி உத்தரவின் பேரில் செயல்படக்கூடாது, அப்படி உத்தரவு வந்தால் பதிவு செய்ய வேண்டும் என்றது தீர்ப்பு. பதிவே இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்துக்கு என்ன பொருள் என்றும் கேட்டது. வாய்மொழி உத்தரவில் சொன்னவர் மறைந்துவிடுவார். கையெழுத்துப் போட்ட கீழ்நிலை ஊழியர்தான் விசாரணையில் நிற்பார். 'நேற்று மாலை தாங்கள் தொலைபேசியில் சொன்னபடி இன்ன பணியைத் தொடங்குகிறேன்' என்று இரண்டு வரி எழுதி அனுப்புவதை மேலதிகாரியின் மீதான அவநம்பிக்கையாகக் கருதும் அலுவலகங்கள் உண்டு. அங்கே மாற வேண்டியவர் மேலதிகாரி.

வாட்ஸ்அப்பில் வரும் உத்தரவு எழுத்துத்தானே என்று கேட்கலாம். எழுத்துத்தான். அழிக்கவும் முடியும், அனுப்பியவர் குழுவை விட்டே போகவும் முடியும். நீதிமன்றத்தில் அதன் நகலைக் காட்ட வேண்டுமானால் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் தேவை. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் என்று உறுதிசெய்திருக்கிறது. குழுவில் சொன்னதை அன்றே அலுவலகக் கோப்பிலோ மின்னஞ்சலிலோ ஏற்றிவிடுவது நல்ல பழக்கம்.

7. எழுதித் தரக் கடமைப்பட்டவர்கள்

எழுத முடியாதவருக்கு இந்த முறையில் என்ன இடம் என்ற கேள்வி எஞ்சுகிறது. எழுத்தை முதன்மையாக்கும் எந்த ஏற்பாடும் எழுதத் தெரிந்தவருக்கே பயன்படும் ஆபத்து உண்டு.

இதற்கு நம் சட்டம் ஓரிடத்தில் பதில் வைத்திருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. உடனே அடுத்து, எழுத்தில் தர இயலாத பெண்ணுக்கு எழுதித் தர வேண்டிய உதவியைப் புகார்க் குழுவினர் செய்ய வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 1997-ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பிலிருந்து வளர்ந்த சட்டம் அது. எழுத்தைக் கேட்கும் நிறுவனமே எழுதித் தரவும் கடமைப்பட்டது என்று அந்த விதி நிலைநாட்டுகிறது. புகார் சொல்ல வந்த தூய்மைப் பணியாளரை 'எழுதிக் கொண்டுவா' என்று திருப்பி அனுப்பினால் அது சட்டத்தை மீறுவது.

இந்த விதி மற்றப் பதிவேடுகளுக்கும் வர வேண்டும் என்பது என் கோரிக்கை. விபத்துப் பதிவேட்டில் அடிபட்டவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டி, நகல் கொடுக்க வேண்டும். எந்திரம் சரியில்லை என்று வாயால் சொல்லும் ஆபரேட்டரின் சொல்லை, கேட்ட சூப்பர்வைசர் அந்த ஷிப்டுக்குள் லாக் புக்கில் ஏற்ற வேண்டும். யார் சொன்னது, எத்தனை மணிக்கு என்பதோடு. வட மாநிலங்களிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியில் கேட்டு எழுத ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்க வேண்டும். இவற்றை நிலையாணைகளில் சேர்க்கும்படி தொழிலாளர் துறைக்கு எழுதுவதற்காக ஒரு வரைவு தயாரித்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் அதன் நகல்கள் இருக்கும். உங்கள் ஆலையிலும் அலுவலகத்திலும் நடைமுறையில் எங்கே சிக்கும் என்பதை ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்கள். தமிழில் எழுதச் சிரமப்படுபவர்கள் சொன்னால், எழுதிக்கொள்ள என் மாணவர்கள் அங்கே இருக்கிறார்கள்.